வாள் தீட்டுகிறவளின் ஆறு நாள்

தாவ் நிங் பட்டறைக்குள் நுழைந்த முதல் நாளே சம்மட்டியைக் கேட்டாள். அதுதான் சுஜுவானுக்குப் பொறுக்கவில்லை.

வாள் செய்யக் கற்றுக்கொள்கிறேன் என்று லோங்ச்சுவான் ஊருக்கு வருகிறவர்கள் ஏராளம். பெரும்பாலும் முடி வளர்த்த வாலிபர்கள். மூன்று நாள் உலை முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். உள்ளங்கையில் நாலு கொப்புளம் கிளம்பியதும் பஸ் ஏறிவிடுவார்கள். நிங் அந்த ரகம் இல்லை. ஹாங்சோவில் பேரிங் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எஃகைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, அதை உதறிவிட்டு வந்தவள். வயது இருபத்தொன்பது. ஒடிசலான உடம்பு, நீண்ட கைகள். பட்டறைக்காரன் லூ தெஹாயின் முன்னால் வந்து நின்று, "பெருக்கவும் கரி உடைக்கவும் எனக்குத் தெரியும் வாத்தியாரே. சம்மட்டி கொடுங்க. தப்பா அடிச்சா இன்னிக்கே அனுப்பிடுங்க" என்றாள்.

தெஹாய் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே சம்மட்டியை எடுத்து நீட்டினான்.

கொல்லைப் பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே வாள் தீட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி சுஜுவான் அதைக் கதவு வழியாகப் பார்த்தாள். அவள் கை நின்றது. பதினோரு வருஷமாக அவள் அந்தத் தொட்டியருகே உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், பட்டறையில் வாள் தீட்டிக்கொண்டிருந்தவன் சண்டை போட்டுக்கொண்டு போய்விட, "கொஞ்ச நாளைக்கு நீ பாரேன்" என்று தெஹாய் சொல்ல, உட்கார்ந்தவள். கொஞ்ச நாள் என்பது பதினோரு வருஷமாகிவிட்டது. ஆற்றில் எடுத்த கல்லைக் கரடுமுரடானதில் தொடங்கி வழவழப்பானது வரை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி, ஒரு வாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் தேய்ப்பாள். மடித்து மடித்து அடித்த எஃகின் உள்ளே ஒளிந்திருக்கும் நெளிவெல்லாம் அவள் கையில்தான் வெளியே வரும். தூரத்து ஊர்களிலிருந்து வாங்க வருகிறவர்கள்கூட, தெஹாயின் வாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தீட்டினது யாரு?" என்று கேட்பார்கள்.

ஆனால் அவள் கண் எப்போதும் உலை மேல்தான். எந்த நிறத்தில் இரும்பை வெளியே எடுக்கிறான், எத்தனை அடிக்கு ஒரு தரம் திருப்புகிறான், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒரு நாள் கூப்பிடுவான் என்று இருந்தாள். அவன் கூப்பிடவில்லை. நேற்று வந்தவள் கை நீட்டினாள், கிடைத்துவிட்டது.

நிங்கின் அடி முதல் வாரம் கோணல்மாணலாக விழுந்தது. சுஜுவானுக்கு அது இனித்தது. இரண்டாம் மாதம் அடி நேரானது. அதன்பின் சுஜுவானுக்கு எதுவுமே இனிக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் தெஹாய் மூங்கில் குருத்தை வாயில் போட்டுக்கொண்டே, "நிங் இன்னிக்கு எட்டாவது மடிப்பு ஒட்டிட்டா தெரியுமா, ஒரு பொட்டு விடாம! நான் அதுக்கு மூணு வருஷம் எடுத்துக்கிட்டேன்" என்பான். குருத்து அவள் வாயில் விறகாகிவிடும்.

"சாப்பிடுறப்போ இரும்பப் பத்திப் பேசாத லூ. பல்லு கூசுது" என்பாள்.

இன்னொன்றும் அவளை அரித்தது. நிங் அவளை "வாத்தியாரம்மா" என்றுதான் கூப்பிடுவாள். வெகு மரியாதையாக, தலையைத் தாழ்த்தித்தான். ஆனால் வாத்தியாரம்மா என்றால் என்ன? வாத்தியாருடைய பெண்டாட்டி. அவ்வளவுதானே!

பக்கத்துக் கடையில் வாளுக்கு உறை செய்யும் தச்சன் எர்பாவ், தொந்தி பெருத்தவன், வாய் அதைவிடப் பெருத்தவன். அவன் சும்மா இருப்பானா? "என்ன தங்கச்சி, உள்ள ரெண்டு பேரும் டிங் டாங்னு ஒரே தாளமா இருக்காங்க. நீ இங்க தண்ணியில கையை நனைச்சுக்கிட்டு உக்காந்திருக்க?" என்பான்.

"உன் உறையெல்லாம் உன்னைப் போலவே இடுப்புல பெருத்துப் போகுது. அதப் பாரு முதல்ல" என்று திருப்பிக் கொடுப்பாள்.

ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது. புருஷன் ஒரு நகரத்துப் பெண்ணோடு பொழுதெல்லாம் உலையடியில் நிற்கிறான். பெண்டாட்டிக்கு வயிறு எரிகிறது என்று. வயிறு எரிந்தது நிஜம். ஆனால் தெஹாய்க்காக எரியவில்லை. அவன் எங்கே போய்விடப் போகிறான்? குறட்டை விடுகிற, காலுறையைக் கட்டிலுக்கடியில் போடுகிற மனுஷன். அவள் வயிறு எரிந்தது அந்தச் சம்மட்டிக்காக. அதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

ஒன்றரை வருஷம் ஓடியது. அந்த இலையுதிர் காலத்தில் மாகாணக் கண்காட்சி ஒன்று அறிவித்தார்கள். புதுக் கைகளுக்கென்று தனிப் பிரிவு. நிங் தன் சொந்த வாளைச் செய்யட்டும் என்று தெஹாய் முடிவு செய்தான். மடிப்பு அவளுடையது, வடிவம் அவளுடையது, தோய்ச்சலும் அவளுடையது. பழுக்கக் காய்ச்சிய வாளைத் தண்ணீரில் முக்கும் அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான் அது வாளாகிறதா, இரும்புத் துண்டாகப் போகிறதா என்பது நிச்சயமாகும். தெஹாய் அதை யார் கையிலும் விட்டதில்லை. நிங் முக்கினாள். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. நேராக வெளியே வந்தது வாள். தெஹாய் கை தட்டினான். எர்பாவ் தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்துக் கூவினான். சுஜுவான் கல்லைக் கழுவினாள், ஏற்கெனவே கழுவிய கல்லை.

பிறகு அந்த வாள் தீட்டுவதற்கு அவளிடம்தான் வந்தது.

நல்ல வாள். அதைத் தேய்க்கத் தேய்க்க அவளுக்கு ஆத்திரம் ஏறியது. கரட்டுக் கல்லிலேயே நெளிவுகள் மேகம் போலத் திரண்டு வந்தன. ஒரு குறையாவது இருக்காதா என்று விரலாலேயே தேடினாள். ஐந்தாம் நாள், கடைசியான வெள்ளைக் கல்லைப் போடத் தொடங்கியபோது, கிடைத்தது.

கைப்பிடியிலிருந்து ஒரு சாண் மேலே, வாளின் நடுவில் ஓடும் மேட்டை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு. கல்சேறு ஒட்டியிருக்கிறது என்று துணியால் துடைத்தாள். போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே இடத்தில் அதே கோடு. துடைத்தாள். மறுபடி வந்தது. உள்ளே குடித்த சேற்றுத் தண்ணீரை வாள் கசியவிடுகிறது. விரிசல். முடியிழையில் பாதிகூட இல்லை. காய்ந்தால் மடிப்பு நெளிவுகளோடு நெளிவாக மறைந்துவிடும். தெஹாய்க்குக்கூடக் கண்ணில் படாது. பன்னிரண்டு வருஷம் கல்லோடு கிடந்தவளுக்குத்தான் படும்.

எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்தாள்கூட. கதவுவரை போனாள். உள்ளே தெஹாய், கண்காட்சியில் வாளை எப்படிப் பிடித்து வளைத்துக் காட்டுவது என்று நிங்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். "நடுவர் முன்னாடி கை நடுங்கக் கூடாது. உன் வாளை நீ நம்பணும்."

சுஜுவான் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நம்பட்டும். நடுவர் முன்னாடி வளைக்கட்டும். டக்கென்று போகட்டும். அப்போது தெரியும், முதல் நாளே சம்மட்டி கேட்டவளின் லட்சணம்.

ஆறு நாள் தேய்த்தாள். வாழ்நாளில் அத்தனை அழகாக அவள் தீட்டியதில்லை. ஒவ்வொரு நாளும் அந்தக் கோடு எட்டிப் பார்க்கும், அவள் துடைப்பாள். கடைசி நாள் காயவைத்து எண்ணெய் பூசியபோது கோடு காணாமல் போனது. அவளுக்கு மட்டும் கண்ணை மூடினாலும் தெரிந்தது. தூக்கத்திலும் துடைத்தாள். "என்ன, கை காலெல்லாம் உதறுற?" என்று தெஹாய் எழுப்பிக் கேட்டான். "குளிர்" என்றாள்.

ஏழாம் நாள் காலை நிங் ஒரு தட்டில் சுடச்சுட மஞ்சள் அரிசிக் கேக்கு எடுத்துக்கொண்டு தொட்டியருகே வந்தாள்.

"வாத்தியாரம்மா, சாப்பிடுங்க. கண்காட்சிக்குப் படிவம் எழுதிட்டேன். தீட்டியவர்னு ஒரு கட்டம் இருக்கு. உங்க பேரு போட்டிருக்கேன்."

"என் பேரா?"

"வேற யார் பேரு? பாதி வாள் உங்களோடது." அவள் வாளைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நுனிவரை பார்த்தாள். முகத்துக்கும் வாளுக்கும் நடுவே ஒரு கையகலம்கூட இல்லை. "அங்க வளைச்சுக் காட்டுறப்போ இப்படித்தான் நிக்கணுமாம். இன்னிக்கு முற்றத்துல ஒரு தரம் பழகிப் பார்க்கச் சொன்னார் வாத்தியார்."

சுஜுவான் கையிலிருந்த கேக்கு தொட்டியில் விழுந்தது. உடைந்த வாள் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கண்ணைப் பார்த்ததால் வாய் திறந்தாளா, தன் பேரும் அந்தப் படிவத்தில் ஏறிவிட்டது என்பதால் திறந்தாளா என்று பிற்பாடு எத்தனையோ தடவை அவள் தன்னையே கேட்டுக்கொண்டதுண்டு. ஒழுங்கான பதில் கிடைத்ததில்லை.

"வளைக்காத" என்றாள். "அதுல விரிசல் இருக்கு."

நிங் வாளை மெல்ல இறக்கினாள். சத்தம் கேட்டுத் தெஹாய் வந்தான். வாளை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நகத்தால் தடவினான். கல்லில் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான்.

"எங்க விரிசல்? இது மடிப்புக் கோடு."

"மடிப்பில்ல லூ. விரிசல்."

"பதினோரு நாள் கையில வச்சிருந்த. அப்பல்லாம் சொல்லல. இன்னிக்குக் காலையிலதான் விரிஞ்சுதா?"

அதற்குள் எர்பாவ் மரத்தூள் ஒட்டிய தொந்தியோடு வேலிப் பக்கம் வந்து நின்றுவிட்டான். "விரிசல் எங்க தங்கச்சி, வாள்லயா வீட்லயா?" என்று கேட்டு அவனே சிரித்தான். தெரு வழியே போன இரண்டு பேரும் சிரித்தார்கள்.

தெஹாயின் காது சிவந்தது. குரலைத் தாழ்த்தி, "உள்ள போ சுஜுவான். மானத்த வாங்காத" என்றான்.

அவள் உண்மையைத்தான் சொல்கிறாள். ஒருவரும் நம்பவில்லை. அவளுடைய பொறாமை அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அதற்குப் பின்னால் நின்ற வாளின் விரிசல் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. அவள் வாளை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். முற்றத்து மூலையில் சோதனைக்கென்று நட்டிருந்த கட்டையின் பிளவில் நுனியைச் சொருகினாள். முகத்தை நன்றாக அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்தாள்.

கால் வட்டம்கூட வளையவில்லை. டங்! கைப்பிடியும் ஒரு சாண் எஃகும் அவள் கையோடு வந்தன. மீதி கட்டையில் ஆடிக்கொண்டு நின்றது.

எர்பாவ் சிரிப்பை நிறுத்தினான்.

"வேணும்னே பண்ணிட்டீங்க" என்றாள் நிங். கத்தவில்லை, அதுவே மோசமாக இருந்தது. "ஒரே பக்கமா திருகி இழுத்தீங்க. எந்த வாளும் போகும்." உடைந்த இரண்டு துண்டையும் குழந்தையைத் தூக்குவது போல எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தெஹாய் மனைவியை ஒரு பார்வை பார்த்தான். அவனும் உள்ளே போனான்.

மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. சுஜுவான் தொட்டியருகே உட்கார்ந்திருந்தாள். வெயில் சாய்கிற நேரத்தில் நிங் வந்தாள். கையில் உடைந்த துண்டும் தொழிற்சாலை நாளிலிருந்து அவள் வைத்திருந்த பூதக்கண்ணாடியும் இருந்தன. எதிரே குந்தினாள்.

"ஏழு வருஷம் உடைஞ்ச இரும்பத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள். "புதுசா உடைஞ்ச இடம் சாம்பல் நிறத்துல மினுங்கும். இங்க பாருங்க, பாதி மினுங்குது. பாதி கறுத்துப் போயிருக்கு. இது இன்னிக்கு உடைஞ்சதில்ல. தண்ணியில முக்குறப்பவே விட்டிருக்கு. அப்புறம் அனல்ல வாட்டுறப்போ உள்ள கறுத்திருக்கு. என் தப்பு. நீங்க சொன்னது நிஜம்."

சுஜுவானுக்கு மூச்சு வந்தது. ஆனால் நிங் எழுந்திருக்கவில்லை.

"இந்தக் கறுப்புக்கு உள்ள வெள்ளையா இருக்கு பாருங்க. கல்சேறு. கரட்டுக் கல்லுச் சேறு சிவப்பு. இது கடைசிக் கல்லோடது. ஆழத்துல படிஞ்சு, காய்ஞ்சு, மறுபடி படிஞ்சு, அடுக்கடுக்கா இருக்கு." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். "எத்தனை நாள் தெரியும் உங்களுக்கு?"

பொய் சொல்ல இடமிருந்தது. சுஜுவான் சொல்லவில்லை.

"ஆறு."

"ஆறு நாள் தெரிஞ்சே தீட்டினீங்க."

"ஆமா."

"என் கையில குடுத்து அனுப்புறதுக்கு."

"ஆமா."

நிங் எழுந்து நின்றாள். "அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சுஜுவானுக்கு அழுகைக்குப் பதில் எரிச்சல்தான் வந்தது. இதிலும் அவளே உயரமாகிவிட்டாளே! சொல்லாமல் இருக்கிற பெருமையையும் அவளுக்கே விட்டுவிடுவதா? விறுவிறென்று உள்ளே போய், உலை முன்னால் குனிந்திருந்த தெஹாயிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். வெள்ளைக் கோடு, துடைத்தது, ஆறு நாள், ஒன்றையும் விடவில்லை.

தெஹாய் கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டான். "அடிப் பாவி! அந்தப் பொண்ணு கண்ணு போயிருந்தா?" பிறகு தலையைச் சொறிந்தான். "உனக்குப் பொறாமைன்னு எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஆனா சத்தியமாச் சொல்றேன் சுஜுவான், அந்தப் பொண்ணு விரலக்கூட நான்…"

சுஜுவானுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வெடித்தது. "உனக்காகவா? லூ, நீ கண்ணாடி பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு? உனக்காக யாராவது ஆறு நாள் தூக்கம் கெடுப்பாங்களா?"

"பின்ன?"

அவள் உலைக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த சம்மட்டியைக் காட்டினாள். "அதுக்கு."

தெஹாய் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "நீ கேட்டதே இல்லையே."

"நீ கூப்பிடுவன்னு இருந்தேன்."

"உனக்குக் கல்லுதான் பிடிக்கும்னு நெனச்சேன். எவ்வளவு நல்லாத் தீட்டுற…"

"அவ கேட்டா, குடுத்த."

"கேட்டா, குடுத்தேன்" என்றான் அவன், வேறென்ன செய்வது என்கிற மாதிரி.

கண்காட்சிக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. நிங் மறுநாளே புது இரும்பை உலையில் வைத்தாள். சுத்தியலால் இடம் காட்டுவது அவள்; அந்த இடத்தில் சம்மட்டி போட ஓர் ஆள் வேண்டும். தெஹாய் சட்டைக் கையை மடித்தபோது அவள் தடுத்தாள்.

"நீங்க வேண்டாம் வாத்தியாரே. அவங்க வரட்டும். எனக்கு அவங்க ஆறு நாள் கடன்பட்டிருக்காங்க." சுஜுவான் பக்கம் திரும்பி, "மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. ஆள் வேணும், அவ்வளவுதான்" என்றாள்.

சுஜுவான் சம்மட்டியைத் தூக்கினாள். பன்னிரண்டு வருஷம் கண்ணால் கற்றது கைக்கு இறங்கவில்லை. முதல் அடி இரும்பின் ஓரத்தில் வழுக்கிப் பட்டடையில் விழுந்து தோள்பட்டை வரை அதிர்ந்தது. நிங்கின் சுத்தியல் 'இங்கே' என்று தட்டும். சுஜுவானின் சம்மட்டி அதற்கு இரண்டு விரல் தள்ளி விழும். "முன்னாடி… இன்னும் முன்னாடி… இரும்பைப் பாருங்க, என் முகத்தைப் பார்க்காதீங்க" என்று நிங் ஏழு வயது இளையவளாக இருந்துகொண்டு ஏவினாள். சுஜுவான் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். எர்பாவ் வேலியோரம் வந்தான். இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டு, என்ன தோன்றியதோ, வாயைத் திறக்காமல் திரும்பிப் போனான். ராத்திரி அவள் கையால் குச்சியைப் பிடித்துச் சோறு அள்ள முடியவில்லை. தெஹாய் ஒரு கரண்டியை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

நாலாம் நாள் ஒன்பதாவது மடிப்பு. நிங் இரும்பை வெளியே எடுத்து அடி காட்டத் தொடங்கினாள். சுஜுவான் சம்மட்டியை ஓங்கியவள் அப்படியே நிறுத்தினாள்.

"ஒட்டல."

"எங்க?"

"வால் பக்கம். மத்த இடமெல்லாம் ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கு. அங்க மட்டும் ஒரு பயறு அளவு மங்கலா இருக்கு பாரு. உள்ள காத்து மாட்டியிருக்கு. இது கல்லுக்கு வர்றப்போ கொப்புளமாத் தெறிக்கும். நூறு தடவை பார்த்திருக்கேன், அது எங்கேருந்து வருதுன்னுதான் இத்தனை நாள் தெரியல."

நிங் குனிந்து பார்த்தாள். அவளுக்கு எதுவும் தெரிந்த மாதிரி இல்லை. ஆனால் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை மறுபடி உலையில் வைத்தாள். வெட்டி எறிந்த துண்டை ஆறிய பிறகு தெஹாய் பிளந்து பார்த்தான். உள்ளே ஒரு சின்ன வெற்றிடம் இருந்தது. அவன் அதை இருவருக்கும் காட்டிவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டான்.

ஆறு நாள் முடிந்தது. ஏழாம் நாளும் சுஜுவான் சம்மட்டியை எடுத்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த வாள் கண்காட்சியில் மூன்றாம் பரிசு வாங்கியது. தீட்டியவர் கட்டத்திலும் சம்மட்டி போட்டவர் என்ற வரியிலும் சுஜுவானின் பேர் இருந்தது. அவள் கண் முதலில் போனது மேலே பெரிய எழுத்தில் இருந்த நிங்கின் பேருக்குத்தான். வயிற்றுக்குள் பழைய இடத்திலேயே சுருக்கென்றது. அது போய்விடும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் அவள் செய்த முதல் சொந்த வாள் தோய்ச்சலில் வெள்ளரிக்காய் போல வளைந்து வெளியே வந்தது. "இதுக்கு உறை வேணும்னா நான் ஆத்தையே வளைச்சுத்தான் செதுக்கணும்" என்றான் எர்பாவ். இரண்டாவதும் வளைந்தது. மூன்றாவது நேராக வந்தபோது தெஹாய் கை தட்டவில்லை. வாங்கி, வெயிலில் திருப்பிப் பார்த்து, "ம்" என்றான். அந்த "ம்" அவளுக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

மூன்று வருஷம் கழித்து நிங் ஆற்றுக்கு அக்கரையில் சொந்தப் பட்டறை போட்டாள். திறப்பு நாளில் சுஜுவானும் தெஹாயும் பழமும் பட்டாசும் கொண்டு போனார்கள். நிங் ஓடிவந்து சுஜுவானின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினாள். உலை இவர்களுடையதைப் போல ஒன்றரை மடங்கு நீளம். முழு வாளும் ஒரே சூட்டில் படுக்கும். காற்று மூன்று வாய் வழியாக வந்தது. சுஜுவான் குனிந்து ஒவ்வொரு வாயையும் பார்த்தாள், செங்கல்லைத் தடவினாள், "நல்லாருக்கு, ரொம்ப நல்லாருக்கு" என்று நாலு தடவை சொன்னாள். விருந்தில் மீன் தலைக் குழம்பு ஊற்றினார்கள். அவள் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு உலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலத்தில் திரும்பி வரும்போது தெஹாய், "என்ன, பேச்சையே காணோம்?" என்று கேட்டான்.

"நம்ம உலையை நாளைக்கு இடிக்கணும்" என்றாள் சுஜுவான்.

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கு?"

"அவளுது ஒன்றரை. நமக்கு ரெண்டு வேணும்." அவள் நடையை எட்டிப் போட்டாள். "காத்துக்கு நாலு வாய் வைக்கணும். விடிஞ்சதும் சூளைக்குப் போய்ச் செங்கல் சொல்லிட்டு வா, லூ. இப்பக் கேட்டுட்டேன். அப்புறம் கேக்கலன்னு சொல்லாத."